ஒரு படகு, நாற்பது பேர்

காலை பதினொரு மணிக்குள் மூன்று பேர் செத்துவிட்டார்கள். நூலகரம்மா ஆறிப்போன டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, நாலாவது ஆள் சாவதைப் பார்க்கப் பக்கத்தைப் புரட்டினாள்.

மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைதான். நடுக்கடலில் ஒரு கப்பல், அதில் நாற்பது பேர், தப்பிக்க ஒரே ஒரு படகு, படகில் ஒரே ஒரு இடம். முப்பத்தொன்பது பேர் செத்தால்தான் ஒருவர் பிழைக்கலாம். இந்த அக்கப்போர் பதினைந்து பாகம்.

ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்போது இதெல்லாம் அவளுக்குத் தேவையா? எல்லாம் ஜட்ஜ் ஐயாவால் வந்த வினை. ஓய்வுபெற்ற நீதிபதி, தினமும் பத்து மணிக்குக் கோட்டு போட்டுக்கொண்டு வருவார், மங்கா அலமாரிக்குப் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளை முகம் மறைய விரித்துக்கொண்டு உட்காருவார். அவர் ஒரு செருமல் செருமினால் நூலகமே வாயை மூடிக்கொள்ளும்.

அவர் கொடுத்த புகார் மூன்று பக்கம். மூன்றாம் பாகத்தில் கோடரி வெட்டு, ஒன்பதாம் பாகத்தில் கொதிக்கும் எண்ணெய் என்று பக்க எண்ணோடு குறித்திருந்தார். 'பதினான்காம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில், சமையல்காரியின் முதுகுக்குப் பின்னால் கோடரிக்காரனை நிறுத்திவிட்டு அப்படியே முடித்திருப்பது வாசகர்மீது இழைக்கப்பட்ட கொடுமை. நூலக விதி பதினேழின்படி விசாரிக்கவும்' என்று முடித்திருந்தார். கோர்ட்டு பாஷை அப்படித்தான் இருக்கும் என்று அவள் விட்டுவிட்டாள்.

விதி பதினேழு பொல்லாதது. புகார் வந்த தொடரை நூலகரே முதலிலிருந்து கடைசிவரை படித்து முடிவு எழுத வேண்டும். அலமாரியில் இருந்ததோ பதினான்கு பாகம். வாசகர் விருப்பப் பெட்டியில் கடைசிப் பாகம் கேட்டுப் பெயரில்லாத சீட்டுகள் எத்தனையோ விழுந்தும், வாங்க வழியில்லை என்று எட்டு மாதமாகத் தலைமை அலுவலகம் கையை விரித்திருந்தது. புகார் என்றதும் நாலே நாளில் தபாலில் வந்து இறங்கியது.

முதல் பாகத்தை அவள் எல்லாப் புத்தகத்தையும் போல இடப்பக்க அட்டையிலிருந்து படித்தாள். செத்துக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், வெட்டுப்பட்ட கை போய் ஒட்டிக்கொண்டது, எல்லாரும் சிரித்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து கப்பலைவிட்டு இறங்கிப் போனார்கள். அடடா, நல்ல கதை என்று நினைத்தாள். மங்காவை வலமிருந்து படிக்க வேண்டும் என்று தெரிந்தபோது மறுபடி எல்லாரையும் சாகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் பத்து நாள் கழுத்து வலி, கண் எரிச்சல். வீட்டில் புருஷன் கறிவெட்டும் கத்தியை எடுத்தால்கூடத் தூக்கிவாரிப் போட்டது.

தலைமை அலுவலகத்து அதிகாரி போனில் அலுத்துக்கொண்டார். "எதுக்கும்மா வம்பு? அந்த மனுஷன் மேலிடம் வரைக்கும் போவாரு. பேசாம தொடரைத் தூக்கிடுங்க."

தூக்கிவிடலாம் என்றுதான் அவளுக்கும் இருந்தது. ஆனால் எதிர்த் தையல் கம்பெனிப் பெண்கள் டீ இடைவேளையில் நூல் பிசிறு ஒட்டிய சட்டையோடு ஓடிவந்து, நின்றபடியே நாலு பக்கம் படித்துவிட்டு ஓடுவார்கள். அந்த ஒரு அலமாரிக்காகத்தான் அவர்கள் நூலகப் படியே மிதிக்கிறார்கள்.

"எடுத்துடாதீங்கக்கா," என்று ஒருத்தி கெஞ்சினாள். "நாள் முழுக்க மெஷின் சத்தம். எங்களுக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்."

அன்று பன்னிரண்டு மணிக்குக் கடைசிப் பக்கத்தை மூடினாள். அழுதிருந்தாள். சமையல்காரிக்காகவா, ஒருவழியாகத் தொலைந்ததே என்ற நிம்மதியிலா என்று அவளுக்கே தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கையெழுத்து காய்வதற்குள் ஜட்ஜ் ஐயா செய்தித்தாளும் கையுமாக மேஜை முன் வந்து நின்றார்.

"முழுசாப் படிச்சீங்களா?"

"ஒரு பக்கம் விடாமப் படிச்சேன், ஐயா. ரத்தம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா அத்தனை கொலைக்கு நடுவுலயும் ஒருத்தி எல்லாருக்கும் சோறு போட்டுக்கிட்டே இருக்கா. கதை அவளைப் பத்தினது. அதனால தொடர் அலமாரியிலயே இருக்கும்."

அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. "பதினஞ்சும்?"

"பதினஞ்சும்தான் ஐயா." போனது போகட்டும் என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மேல்முறையீடு செய்யணும்னா செய்யுங்க. நான் மாத்தி எழுத மாட்டேன்."

ஜட்ஜ் ஐயா வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். செய்தித்தாளை மேஜைமேல் அகல விரித்து, அவள் முன்னாலிருந்த கடைசிப் பாகத்தை அதன் நடுவில் இழுத்து வைத்து, பழகிய கையோடு நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

அவள் வாய் திறப்பதற்குள் அவர் குனிந்து, குரலை இறக்கினார்.

"சமையல்காரி பொழைச்சாளான்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா!"