சாட்சிக் கையெழுத்து

“அவனுக்கு நரகம்தான் டேடி சரி. துளிகூட இரக்கம் காட்டக் கூடாது!”

மேவிஸ் புத்தகத்தைப் படாரென்று மூடினாள். ஈப்போவில் விடுதியில் தங்கி ஆறாம் படிவம் படிக்கிறவள், கிறிஸ்மஸ் விடுமுறைக்கு ரிங்லெட் பக்கத்து மலை எஸ்டேட்டில் இருக்கும் வீட்டுக்கு வந்திருந்தாள். கூடவே நானூறு வருஷத்துப் பழைய ஆங்கில நாடகம் ஒன்றும் வந்திருந்தது. அதைப் பற்றிக் கட்டுரை எழுதியாக வேண்டும்.

“யாருக்கும்மா நரகம்?” என்றார் கிரகரி. எஸ்டேட்டுக்குப் பெரிய கிராணி, ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. மாதா கோயிலில் முதல் பெஞ்சு அவருடையது.

“பெரிய படிப்பாளி டேடி. சுகமா வாழணும்னு சாத்தானுக்கு ஆன்மாவை எழுதிக் குடுத்துட்டான். ஆசைப்பட்டதெல்லாம் கிடைச்சுது. கடைசியில சாத்தான் வந்து இழுத்துட்டுப் போயிட்டான்.”

“மன்னிப்புக் கேட்டிருக்கலாமே?”

“அதானே கட்டுரைக்கே கேள்வி! அவனுக்கு டைம் இருந்துச்சு லா. ஆனா வாயைத் திறக்கலை. சரியான கோழை.”

கிரகரிக்குக் குடித்துக்கொண்டிருந்த தேநீர் கசந்தது. மகள் யாரையோ திட்டுகிறாள், இவருக்கு ஏன் முகம் வெளுக்க வேண்டும்? காரணம் இருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் வெறும் சின்னக் கிராணி. தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லயத்தை இடித்துவிட்டு அங்கே விருந்தினர் பங்களா கட்ட மேனேஜர் துரைக்கு ஆசை. அங்கே குடியிருந்த பதினாறு குடும்பமும் தாங்களாகவே வேலையை விட்டு, வீட்டையும் விட்டுப் போவதாக ஆங்கிலத்தில் ஒரு தாள் தயாரானது.

“கைநாட்டு வாங்கிக் குடு கிரகரி. பெரிய கிராணி வேலை உனக்குத்தான். வீடும் உண்டு” என்றார் துரை.

அன்றைக்கு மேவிஸ் சின்னக் குழந்தை. ஒழுகுகிற ஒற்றை அறையில் இருமிக்கொண்டே கிடப்பாள். கிரகரிக்கு அது ஒரு சாக்கு.

“புதுக் கூரை போடப் போறாங்க. அதுக்குத்தான் இந்தத் தாளு” என்று லயத்தில் போய்ச் சொன்னார்.

“ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று முதல் ஆளாகக் கட்டை விரலை மையில் வைத்தவன் நாகப்பன். அவனைப் பார்த்துத்தான் மற்றவர்களும் வைத்தார்கள்.

தாளின் அடியில், ‘எழுதியிருப்பதைத் தமிழில் வாசித்து விளக்கினேன்’ என்ற வரிக்குக் கீழே கிரகரி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். விளக்கினாராம்!

இரண்டே மாதத்தில் பதினாறு குடும்பமும் சாலைக்கு வந்துவிட்டது. “துரை என்னையும் ஏமாத்திட்டாரு” என்று கிரகரி கண்ணீர்கூட விட்டார். நாகப்பன்தான் அவரைத் தேற்றினான்.

கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டத்துக் கூலியாகிவிட்ட நாகப்பன், அதற்குப் பிறகும் அவரை மறக்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் முதல் நாள், தாப்பாவுக்கு இறங்குகிற காய்கறி லோரியில் ஏறி வந்துவிடுவான். கொஞ்சம் கீரையைக் கொடுத்துவிட்டு, லோரி திரும்பி வரும்வரைக்கும் கிரகரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இப்படி ஒரு வெள்ளந்தி உலகத்தில் உண்டா என்று கிரகரி நினைத்துக்கொள்வார். உண்மையைச் சொல்ல வாயெடுப்பார், அதற்குள் மழையைப் பற்றியோ முட்டைக்கோஸ் விலையைப் பற்றியோ பேச்சு போய்விடும்.

இன்றைக்கும் அந்த முதல் நாள்தான். மகள் சொன்ன ‘கோழை’ காதிலேயே நின்றது. இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும். மகள் கேட்டுவிட்டு முகத்தில் காறித் துப்பினாலும் சரி.

வெளியே லோரிச் சத்தம் கேட்டது. ஆனால் வாசலில் வந்து நின்றது நாகப்பனின் மனைவி மணியம்மா. நெற்றியில் பொட்டு இல்லை.

“நாகப்பன் எங்க மணியம்மா?”

“தவறிட்டாருங்கய்யா. போன மாசம். காய்ச்சல் நெஞ்சுல எறங்கிடுச்சு.”

கிரகரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேவிஸ் தண்ணீர் கொண்டுவந்து மணியம்மாவிடம் கொடுத்தாள்.

இனிமேல் யாருக்குத் தெரியப்போகிறது, பேசாமல் இரு என்று பழைய புத்தி மெதுவாகச் சொல்லிப் பார்த்தது. அந்தப் புத்தியை நம்பித்தானே பதினோரு வருஷத்தை ஓட்டினார்!

“மணியம்மா, அந்தத் தாள்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சேதான் உங்களையெல்லாம் கைநாட்டு வைக்கச் சொன்னேன். துரை என்னை ஏமாத்தலை. நான்தான் உங்களை ஏமாத்தினேன்.”

மேவிஸ் அப்பாவையே பார்த்தாள். கிரகரிக்கு அவள் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை.

மணியம்மா அழவும் இல்லை, ஏசவும் இல்லை. தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

“தெரியும்யா. எங்களுக்கும் அந்தத் தாளோட நகல் ஒண்ணு குடுத்தாங்கள்ல, அதைக் கோலா தெர்லாவுல கடை வச்சிருக்கிற சாம்பசிவம் மொத வருஷமே படிச்சுச் சொல்லிட்டாரு. அடியில உங்க கையெழுத்தையும் காட்டினாரு.”

“தெரிஞ்சுமா? தெரிஞ்சுமா நாகப்பன் வருஷா வருஷம் என்னைப் பார்க்க வந்தான்?”

“அதுக்குத்தான்யா வந்தாரு. நீங்களா ஒரு வார்த்தை சொல்லிட்டா, மன்னிச்சேன்னு சொல்லிட்டு வந்துடணும்னு இருந்தாரு. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குத் திரும்பி லோரியை விட்டு எறங்கினதும், ‘பாவம், இன்னிக்கும் ஐயாவால சொல்ல முடியல. அடுத்த வருஷம் கண்டிப்பா சொல்லிடுவாரு’ன்னு என்கிட்ட சொல்லுவாரு.”