செயலாளரின் காய்ச்சல்

சூரியன் மேற்கு மலையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்மாய் முழுக்கச் செம்பாய் மினுங்க, நடுவே மோட்டார் படகில் அருளப்பன் உட்கார்ந்திருக்கிறார். ராஜபாளையத்துச் சபையின் செயலாளர். லெந்து என்னும் தவக்காலத்து வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வராதவர்களின் பெயரை ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று வாசிக்கிறவர். இன்றைய ஜெபத்துக்கு வராததற்கு, காய்ச்சல் என்று காலையிலேயே சொல்லியனுப்பிவிட்டார். ஊர் விட்டு ஊர் வந்தால் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம். மிதவைச் சட்டைக்குள் அடங்காத பட்டுச்சேலையோடு மனைவி எலினா, கல்யாண நாளாயிற்றே என்று பால்கோவாவை அவர் வாயில் ஊட்டுகிறாள். அந்த நேரம் பார்த்துப் படகு கரையை ஒட்டித் திரும்புகிறது. கரையில், ஜெபம் முடிந்த கையோடு மகள் வீட்டுக்குப் பஸ் ஏறி வந்த, அவர் சபையைச் சேர்ந்த செல்லக்கனி.

“அண்ணாச்சி, எந்திரிச்சிட்டீயளா? ஒங்களுக்காவத்தான் இன்னைக்கு அம்புட்டு பேரும் முழங்கால்ல நின்னோம். நான் இன்னும் பச்சத்தண்ணி குடிக்கல.”

“ஏதாச்சும் சொல்லுங்க,” என்று எலினா முழங்கையால் இடிக்கிறாள்.

“இப்பத்தாம்மா... செத்த நேரம் முந்தி விட்டுச்சு.”

“பாத்தீயளா, ஆண்டவர் கேட்டுட்டாரு. ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு, சொகமானத மறக்காம சாட்சி சொல்லிருங்க.”

காய்ந்த உதடுகளோடு அவள் சிரிக்கிறாள். கண்ணில் நீர் நிற்கிறது. அவர் உதட்டில் ஒட்டிய பால்கோவாவைப் புறங்கையால் துடைத்துக்கொள்கிறார். அவர் முகம் சிவந்துபோயிருக்கிறது; அந்திவெயில்மேல் பழியைப் போடலாமென்றால், சூரியனும் மலைக்குப் பின்னால் நழுவிவிட்டது.