ஆம்ப்ரோஸ் எழுதியது

"சார், ஸ்கேன்ல ஒண்ணும் வராது. உங்களுக்கு எதுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது?" என்றாள் ஸ்ரீவித்யா.

கஸ்தூரிரங்கன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏசி சரியில்லேம்மா" என்றார். ஏசி நன்றாகத்தான் இருந்தது. பெங்களூர் வைட்ஃபீல்ட் ஆபீஸின் அந்த மூன்றாவது மாடியில் பாதிப் பேர் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ஸ்கேன் அவர் உடம்புக்கு அல்ல, கம்பெனியின் சாஃப்ட்வேருக்கு. நெட்டில் தங்கள் புரோகிராமைப் பொதுவில் போடுகிறவர்களில் பல பேர், "எடுத்துக்கொள், என் பேரை மட்டும் அழிக்காதே" என்றுதான் கேட்பார்கள். அப்படி யாருடையதையாவது எடுத்து, பேரை அழித்துவிட்டு, சொந்தச் சரக்காகச் சேர்த்திருக்கிறார்களா என்று வரிவரியாகத் துழாவிப் பார்க்கிற சோதனை இது. சாஃப்ட்வேரை வாங்கப்போகும் அமெரிக்கக் கம்பெனியின் நிபந்தனை. ஒன்று அகப்பட்டாலும் அதைச் சேர்த்த ஆளுக்கு வேலை போய்விடும்.

ஸ்ரீவித்யா ஓட்டிக்கொண்டிருந்த சோதனை, திரையில் எழுபத்தொரு சதவிகிதம் முடிந்திருந்தது.

மாட்டமாட்டோம் என்று கஸ்தூரிரங்கன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் எடுத்தது நெட்டிலிருந்து இல்லையே! செத்துப்போனவனின் கம்ப்யூட்டரிலிருந்து அல்லவா எடுத்தார்?

நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து சீட்டில் ஆம்ப்ரோஸ் இருந்தான். உள்ளூர் அடுகோடிக்காரன். வாயைத் திறந்தால் கலாட்டாதான். சொந்த ஆசைக்காக வீட்டில் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். முட்டிக்கொண்ட இடத்தையெல்லாம் வேலை முடிந்ததும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டு இவரிடம் காட்டுவான். இவரும் திட்டிக்கொண்டே தப்பைக் கண்டுபிடித்துக் கொடுப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, "மச்சா, மண்டே உனக்கு ஒண்ணு காட்டறேன், ஆடிப்போயிடுவே" என்று சொல்லிவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை சந்தாபுராவிலிருந்து பைக்கில் திரும்பும்போது லாரி அடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அவன் ஆபீஸ் மெஷினைக் காலி செய்து கொடுக்கும் வேலை இவர் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமைவரை அவன் எழுதியிருந்த புரோகிராம் அதில் பத்திரமாக இருந்தது. 'எழுதியது: ஆம்ப்ரோஸ்' என்ற முதல் வரியை அழிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் புரோகிராமை வைத்துத்தான் கம்பெனி நிமிர்ந்தது, இவரும் டைரக்டர் ஆனார்.

ஆனார், சரி. நிம்மதி? அது அன்றோடு போயிற்று. ஆம்ப்ரோஸ் எதையும் சொல்வதற்கு முன்னால் இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்த பலகையில் ரெண்டு தட்டு தட்டுவான். இப்போது இவருக்குத் தனி அறை, பலகையே கிடையாது. ஆனாலும் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மேடையில் விருது வாங்கும்போது கேட்டது. மகள் அதிதியின் பிறந்தநாளில், கேக் வெட்டும்போது கேட்டது.

"அய்யோ சார்!" ஸ்ரீவித்யா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "ஒரு ஃபைல் மாட்டிடுச்சு. முழு ஃபைலும் நெட்ல இருக்கு. போட்டவர் ஆம்ப்ரோஸ்னு காட்டுது. உங்களுக்கு யாருன்னு தெரியுமா?"

செத்தவன் எப்படிப் போடுவான்?

"என்... என்னிக்குப் போட்டிருக்கான்?"

"ரெண்டாயிரத்தி ரெண்டு, மார்ச் பதினாறு. சனிக்கிழமை."

சாவதற்கு முந்தின நாள். அவன் பேரோடு நாலு வருஷமாக அது ஊரறிய அங்கே கிடந்திருக்கிறது, இவருக்குத்தான் தெரியவில்லை.

"இங்க நம்ம சிஸ்டத்துல ஏத்தினது கேசவ்னு ரெக்கார்ட்ல இருக்கு சார். பாவம், போன மாசம்தான் அவனுக்குக் குழந்தை பிறந்துது. ஒரிஜினலைத் திறந்து பார்த்துடறேன், இந்த நெட் வேற இழுத்துட்டுக் கிடக்கு" என்றாள்.

கேசவுக்கு ஒரு பாவமும் தெரியாது. இவர் கொடுத்ததை ஏற்றினான், அவ்வளவுதான். இப்போது இவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி முழுக்க அவன்மேல் விழும், இவர் தப்பித்துவிடலாம்.

சரியாக அப்போது பிடரிக்குப் பின்னால் ரெண்டு தட்டு. நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக.

கஸ்தூரிரங்கன் திரும்பிப் பார்க்கவில்லை. இனிமேல் தாங்காது என்று மட்டும் தெரிந்தது.

"கேசவ் இல்லேம்மா. நான்தான்" என்றார். "ஆம்ப்ரோஸ் என் சிநேகிதன். அவனைப் புதைச்ச மறுநாள், அவன் மெஷின்லேர்ந்து இதைத் திருடினேன். அவன் பேரை அழிச்சதும் நான்தான். ரிப்போர்ட்ல என் பேரைப் போட்டுடு. வேலை போனாப் போறது."

நெட்டிலிருந்த ஒரிஜினல் ஃபைல் அப்போதுதான் ஒரு வழியாகத் திறந்திருந்தது. ஸ்ரீவித்யா அதன் மேல்வரியைப் படித்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் படித்தாள்.

"ஸ்வல்ப இருங்க சார், ஒரு நிமிஷம். திருடினேன்னா சொல்றீங்க?"

"ஆமாம்மா."

அவள் மானிட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

"எழுதினவங்கன்னு ரெண்டு பேரைப் போட்டிருக்காரு சார். முதல் பேரே உங்களுதுதான்."