பதினான்காம் அத்தியாயம்

மதில் கட்டிப் பிரித்த நகரம் ஒன்று. மதில் தாண்டினால் மரணம். இப்படியொரு நாவலைக் கல்முனைக்குடிச் சிபானாவும் பாண்டிருப்புக் கேதீஸ்வரனும் ஒரே கொப்பியில் மாறி மாறி எழுதினார்கள். அதற்குள் மட்டுமே அவர்களால் காதலிக்க முடிந்தது. அவளுடைய அத்தியாயங்கள் 786 என்று தொடங்கும், அவனுடையவை பிள்ளையார் சுழியோடு. கொப்பியைத் தயிர்க்காரி தெய்வானை இரண்டு ஊருக்கும் சுமந்தாள்.

தொண்ணூற்றொன்றில் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் கேதீஸ்வரனைச் சுட்டுவிட்டார்கள்.

"அவன்ட தாய்க்காரி முப்பத்தோராம் நாள் காரியமும் செஞ்சிட்டா, மகள்," என்று தெய்வானை கொப்பியைத் திருப்பிக் கொடுத்தாள்.

பதினான்காம் அத்தியாயம் அவனுடைய முறை. சிபானாவே 786 போட்டு, நீலப் பேனையால், கதாநாயகனை மதிலடியில் சாகவைத்தாள். கொப்பியைத் தலையணை உறைக்குள் செருகிவிட்டு அஸர் தொழுதாள்.

தொழுதுவிட்டு எடுத்துப் பார்த்தாள். அவன் செத்த வரி வெட்டப்பட்டிருந்தது. 786க்குப் பக்கத்தில் ஒரு சுழி. அடியில் கேதீஸ்வரனின் எழுத்து, பச்சை மையில், இன்னும் காயாமல்: 'அவன் சாகவில்லை. கடைசி மதிலையும் தாண்டிவிட்டான். அவள் வீட்டுப் பின்கேற் மட்டும் பூட்டியிருக்கிறது.'

குசினிக்குள்ளிருந்து உம்மாவின் குரல் வந்தது. "திறப்ப எடுத்துட்டு எங்க புள்ள போறாய்?"

"கேற்றத் திறந்து வெக்க, உம்மா," என்றாள் சிபானா.