போர்கோ வெக்கியோவில் ஒரு வாக்கு

"போர்கோ வெக்கியோவுக்கோ? அக்கா, உங்களுக்கென்ன விசரே?"

கேட்டது நான்தான், ஸ்ரான்லி. பலெர்மோ தமிழ்ச் சங்கத் தலைவர் தேர்தலுக்கு இன்னும் ஒரு கிழமை. ஒன்பது வருசமாக் கதிரையை விடாத அல்பேட்டை எதிர்த்து விமலராணி அக்கா நிக்கிறா. அவவுக்கு வாக்குச் சேர்க்கிற பொறுப்பு என்ரை தலையிலை.

வீடு வீடாப் போக மிச்சமிருந்தது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற நாளிலை எல்லாரும் இத்தாலிச் சிஞ்ஞோராமாரின்ரை வீடு துடைக்கப் போயிடுவினம்.

"அல்பெர்கேரியாப் பக்கம் நாப்பது பேர் இன்னும் முடிவெடுக்காமல் இருக்கினம். அங்கை போவம். போர்கோ வெக்கியோத் தெருவள் முழுக்க அல்பேட்டின்ரை ஊர், தீவுச் சனம். நாய்கூட எங்களுக்குப் போடாது."

"போய்க் கேளாமல், போடமாட்டினம் எண்டு எப்பிடிச் சொல்லுறாய்?"

"அங்கை எங்கடை எண்டு இருக்கிறது ஒரேயொரு வாக்கு. தனிய இருக்கிற சூசையம்மா மாமியின்ரை. அவ எங்களைப் போலை மன்னார். முழங்கால் ஏலாது எண்டு டெலெகாவும் தந்திட்டா. வியாழக்கிழமை வேலை முடிஞ்சு போய் வாங்கினனான்."

டெலெகா எண்டது, வர ஏலாதவை தங்கடை வாக்கை இன்னொருத்தர் போடலாமெண்டு கையெழுத்து வைச்சுக் குடுக்கிற கடதாசி.

"மாமி எப்பிடி இருக்கிறா?"

"சுகமா இருக்கிறா. நீங்கள் வெல்லோணுமெண்டு செபமாலை சொல்லுறாவாம்."

அக்காவின்ரை முகம் மலர்ந்துது. ஆனால் என்ரை பேச்சைக் கேக்கேல்லை, வெளிக்கிட்டிட்டா. தான் பிடிச்ச முயலுக்கு மூண்டு கால் எண்டு நிக்கிற ஆளோடை என்னத்தைக் கதைக்கிறது. நானும் முணுமுணுத்துக்கொண்டு பின்னாலை போனன்.

முதல் வீட்டிலை இருக்கச் சொல்லவேயில்லை. ரெண்டாம் வீட்டிலை, "தெரு மாறி வந்திட்டியள் போலை" எண்டு சிரிச்சினம். அக்கா கோவிக்கேல்லை. எல்லா வாசலிலையும் ஒரே கதைதான்.

"நான் தலைவரா வந்தால், தனிய இருக்கிறவையைக் கிழமைக்கொருக்கா ஒராள் போய்ப் பாக்க ஒழுங்கு செய்வன்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. அல்பெர்கேரியா கையை விட்டுப் போகுது, இவ இஞ்சை நிண்டு பிரசங்கம் வைக்கிறா.

மூண்டாவது வீடு அல்பேட்டின்ரை தங்கச்சி மகள் றெபேக்காவின்ரை. அவள் மட்டும் தேத்தண்ணி போட்டுத் தந்தாள்.

"அக்கா, ஒளிக்காமல் சொல்லுறன், என்ரை வாக்கு மாமாவுக்குத்தான். ஆனால் ஒன்பது வருசத்திலை ஒருத்தரும் வந்து அதைக் கேட்டதில்லை. இவள் எங்கை போகப்போறாள் எண்ட நினைப்பு."

அக்கா என்னைத் திரும்பிப் பாத்தா. நான் மணிக்கூட்டைப் பாத்தன்.

தெருவுக்கு இறங்கினாப்பிறகு, "சூசையம்மா மாமியையும் எட்டிப் பாத்திட்டுப் போவம்" எண்டா.

"அதுதான் டெலெகா தந்திட்டாவே. நாலு மாடி ஏறோணும், லிப்ற் இல்லை. நேரம் போகுது அக்கா."

"வாக்குத் தந்திட்டா எண்டால் பிறகு ஆளைப் பாக்கக் கூடாதோ?"

ஏறினம். மணி அடிச்சம், திறக்கேல்லை. உள்ளை ரீவி அலறிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுச் சிசிலிக்காரி ஏறிவந்து, இந்த ரீவி நாலஞ்சு நாளா ராப்பகலா ஓடுது, நித்திரை கொள்ள ஏலாமல் கிடக்கு எண்டு முறைப்பட்டா.

அக்கா போன் எடுக்க, தீயணைப்புக்காரர் வந்து கதவை உடைச்சினம்.

மாமி குளியலறை வாசலிலை செத்துக் கிடந்தா. முகத்தைப் பாக்க எனக்குத் தைரியம் வரேல்லை. ஒரு கை வாசல் கதவுப் பக்கமா நீண்டு கிடந்துது.

செய்தி கேட்டு அந்தத் தெருத் தமிழ்ச் சனம் முழுக்கப் படியிலை கூடிட்டுது. அக்கா அழுதழுது எல்லாருக்கும் சொன்னா.

"இவன் வியாழக்கிழமைதானே வந்து பாத்திட்டுப் போனவன். சுகமா இருந்தவவாம்."

றெபேக்கா என்ரை கையைப் பிடிச்சாள். "நீங்களாவது இவ்வளவு தூரத்திலையிருந்து வந்து பாத்தனீங்கள் அண்ணா. நாங்கள் பக்கத்திலை இருந்தும் எட்டிப் பாக்கேல்லை."

அல்பேட்டுக்கு வலதுகை மாதிரி நிண்ட அருளையா அண்ணையும் முன்னுக்கு வந்தார். "தங்கச்சி, இந்தமுறை என்ரை வீட்டு வாக்கு நாலும் உனக்குத்தான். உன்ரை ஆக்கள் வந்து பாக்கிற ஆக்கள்."

பின்னாலை நிண்ட ரெண்டு மூண்டு பேரும் ஓம் எண்டு தலையாட்டிச்சினம். நாய்கூடப் போடாது எண்டு நான் சொன்ன தெரு, கண்ணுக்கு முன்னாலை எங்கடை பக்கம் வந்துகொண்டிருந்தது.

அப்பதான் அம்புலன்சோடை வந்த டொக்டர் உள்ளையிருந்து வெளியிலை வந்தார்.

"விழுந்தது செவ்வாய்க்கிழமையா இருக்கோணும். இடுப்பு முறிஞ்சு எழும்பேலாமல் கிடந்திருக்கிறா. உயிர் போனது இண்டைக்கு விடியத்தான். இடையிலை ஆராவது வந்து மணி அடிச்சிருந்தால் தப்பியிருப்பா."

றெபேக்கா என்ரை கையை விட்டிட்டாள்.

அக்கா மெதுவாக் கேட்டா. "வியாழக்கிழமை உனக்கு ஆரடா கதவு திறந்தது?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. நான் வரவேயில்லை. டெலெகாவிலை மாமியின்ரை கையெழுத்தை வீட்டிலை இருந்து நான்தான் வைச்சனான். மாமி எப்பிடியும் எங்கடை வாக்குத்தானே எண்டு விட்டிட்டன்."