கவர் போட்ட கொப்பி

அம்மாவிடம் நான் கையும் களவுமாகப் பிடிபட்டபோது, சுதேஷின் தலை என் தோளில் இருந்தது. வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். எச்சில் வேறு.

"அடியே தனுஜா!"

கிளினிக் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

கையில் பூக்கூடையோடு அம்மா. கண்டிக் கோயிலில் பஜனை என்று சொல்லிவிட்டு, எங்கள் ஊர் கெலிஓயாவில் எனக்கு முந்தின பஸ்ஸில் ஏறியவர். மாதத்தில் ஒரு செவ்வாய் அவருக்கு விரதம், பஜனை எல்லாம் உண்டு. இங்கே எப்படி வந்தார்? வேறு யார், தெருமுனைக் கடை துஷானியின் அம்மாதான் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் அந்த ஆன்ட்டிக்குத் தெரியாமல் ஒரு பூனை குறுக்கே போக முடியாது.

"டியூஷன்னு சொல்லிட்டு வந்து இதைத்தான் படிக்கிறியா? யாருடி இவன்?"

"க்ளாஸ்ல ஒண்ணா படிக்கிறவன்மா. சுதேஷ்."

சுதேஷ் விழித்துக்கொண்டான். அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்புறம் அந்த மடையன் வாயைத் திறந்தான்.

"ஆன்ட்டி, நாங்க ரெண்டு பேரும் லவ் பண்றோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கஷ்டப்பட்டு அடக்கினேன்.

"லவ் பண்றவங்க வாவிக்கரையில குடை பிடிச்சிட்டு ஒக்காருவாங்க. மனநோய் கிளினிக் பெஞ்சுல என்னாடா லவ்வு?"

"இங்கன்னா தெரிஞ்சவங்க யாரும் வரமாட்டாங்கன்னு..."

அவன் ஏன் புளுகுகிறான் என்று எனக்குத் தெரியும். காதல் என்றால் கெலிஓயா ஒரு வாரம் பேசும். இந்தக் கிளினிக் என்றால் ஆயுசுக்கும் பேசும். போன வருஷம் பக்கத்து வீட்டு சஞ்சீவனி அக்கா இங்கே வந்துபோவது தெரிந்ததும், அம்மாவே என்ன சொன்னார்? "அந்த வீட்டுப் பக்கம் இனிமே காலெடுத்து வைக்காத!"

சுதேஷ் இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. 'இருந்து என்னா ஆகப்போவுது தனு' என்று ஒருநாள் கேட்டான். பயந்துபோய், அவனுக்குப் பதினெட்டு முடிந்த கையோடு நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். ஒரே நிபந்தனை போட்டான். 'ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் அடுத்த தரம் வரமாட்டேன்.'

அதனால் டொக்டர் மருந்து எழுதும் அவனுடைய கிளினிக் கொப்பிக்குப் பிரவுன் பேப்பர் கவர் போட்டு, மேலே 'கணக்கீடு' என்று லேபல் ஒட்டிக் கொடுத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தக் கொப்பியைத்தான் அம்மா இப்போது வெடுக்கென்று பிடுங்கினார். காதல் கடிதம் தேடியிருப்பார். உள்ளே டொக்டரின் கிறுக்கல். மெதுவாக மூடினார்.

"யாரு போட்ட கவரு?"

"நான்தான்."

சுதேஷ் எழும்பிவிட்டான். "நான் போறேன் தனு."

போனால் திரும்பி வரமாட்டான். அவன் சட்டையை எட்டிப் பிடித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா, யார்கிட்டயும் சொல்லிறாதீங்க. ஒங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

"இப்ப யாரு சொல்லப் போறா? ஒக்காருங்க தம்பி. என்னா நடந்திச்சு?"

சுதேஷ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வராது ஆன்ட்டி. ஒரு பையனைத்தான் புடிச்சிருந்திச்சு. அவனுக்கு அனுப்பின மெசேஜை அவனே க்ளாஸ் வட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. இவ மட்டுந்தான் சிரிக்கல."

அம்மா கூடையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"அதுக்குமா மருந்து குடுக்குறாங்க?"

"இல்ல ஆன்ட்டி. அது வியாதியே இல்லன்னு டொக்டர் மொத நாளே சொல்லிட்டாரு. மனசு ஒடஞ்சு போனதுக்குத்தான் மருந்து."

"எனக்கு இதெல்லாம் புதுசு தம்பி. டொக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்." கொஞ்சம் யோசித்தார். "மருந்து குடிச்சா வாய் காயுதா?"

"ஆமா ஆன்ட்டி."

"தண்ணிப் போத்தல் ஒண்ணு வச்சிக்கங்க. போகப் போகக் கொறையும். நல்லாயிட்டோம்னு நீங்களா இடையில நிப்பாட்டிறாதீங்க."

அம்மா எப்போது டொக்டருக்குப் படித்தார்?

உள்ளேயிருந்து நேர்ஸ் சிங்களத்தில் கூப்பிட்டார். "ஹதலிஸ் துன!"

நாற்பத்து மூன்று. சுதேஷின் நம்பர் நாற்பத்து ஐந்து. யாரும் எழும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்.

அம்மா எழும்பினார்.

பூக்கூடையில் வெற்றிலைக்கு அடியிலிருந்து பஜனைக் கொப்பியை எடுத்தார். பிரவுன் பேப்பர் கவர், மேலே முருகன் படம். பிரித்துக் காட்டினார். பாட்டு ஒன்றும் இல்லை. முதல் பக்கத்தில் இதே கிளினிக்கின் முத்திரை, ஆறு வருஷத்துக்கு முந்தின திகதி.

"பெரிய கெட்டிக்காரி! எனக்கே கவர் போடக் காட்டுறா."

துஷானியின் அம்மாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"அப்ப சஞ்சீவனி அக்கா வீட்டுக்குப் போகாதன்னு சொன்னது?"

"அது என்னை இங்க பாத்திருச்சுடி. ஒங்கிட்ட சொல்லிருமோன்னு பயம்." அம்மா கொப்பியை மூடினார். "பாவம் அந்தப் புள்ள. நான் செஞ்சது பெரிய தப்பு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பூக்கூடையைச் சுதேஷின் மடியில் வைத்தார்.

"தம்பி, அடுத்த மாசம் நீங்க முந்தி வந்தா எனக்கும் ஒரு நம்பர் எடுத்து வைப்பீங்களா? காலையில வரிசையில நிக்க கால் வலிக்குது."

ஒருத்தருக்குத் தெரிந்தாலும் வரமாட்டேன் என்றவன், கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"மொத பஸ்ஸுலயே வந்திர்றேன் ஆன்ட்டி."