ஏழாவது காய்

மொட்டை மாடிக் கதவைத் திறக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

நேற்று மாலை அடித்த காற்றில் எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் பந்தல் எம்மாத்திரம்!

திறந்தாள்.

நின்றது. நாலு மூங்கில், குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு. ஆள் உயரத்துக்கு முலாம்பழக் கொடி.

"அது தரையில படர்ற ஜாதிம்மா. மேல ஏத்தினா காய் கனத்துக் கொடியே அறுந்துரும்" என்று கீழ்வீட்டு ஓனரம்மா விதை போட்ட அன்றே சொல்லிவிட்டார்.

தெரியாதா என்ன? தரையில் கிடக்க வேண்டியதை மேலே ஏற்றினால் நாம்தான் தாங்க வேண்டும். மூன்றாவது மாடிக்குத் தேனீ வராது என்று ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டுவைத்தது அவள். பிஞ்சு பிடித்துக் கனத்ததும் ஒவ்வொன்றுக்கும் துணியில் தூளி கட்டியதும் அவள்தான். பழைய நைட்டி இரண்டு கிழிந்தன. கணவன் செல்வகணபதியின் லுங்கி ஒன்று. போதாததற்கு வெங்காயம் வந்த வலைப்பை.

ஆறு காய். ஆறு தூளி.

"தூளியெல்லாம் தயாராத்தான் இருக்கு போல!" என்று ஓனரம்மா ஒருநாள் சிரித்தார்.

சுருக்கென்றது அவளுக்கு. தனக்கென்று ஒன்று வேண்டும் என்று அவள் ஏங்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. சிந்துஜா. ஒன்பது வயது. செல்வகணபதியின் இறந்துபோன மனைவி பெற்ற பிள்ளை.

அது இவளை ஏறெடுத்துப் பார்த்தால் போதும்.

கல்யாணமாகி வந்த முதல் வாரமே அவள் ஒரு தப்புச் செய்தாள். பீரோவின் கீழ்த்தட்டில் அந்த அம்மாவின் புடவைகள் இருந்தன. ஈர வாடை அடிக்கிறதே என்று, நல்ல எண்ணத்தில்தான், எடுத்து இதே மாடியில் வெயிலில் போட்டாள்.

பள்ளி விட்டு வந்த குழந்தை பார்த்தது.

கத்தவில்லை. அழவில்லை. ஒவ்வொன்றாக இழுத்தெடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கியது. பீரோ சாவி அன்றிலிருந்து அதன் ஜாமெட்ரி பாக்ஸில்.

ஒன்றே கால் வருஷம் ஆகிவிட்டது.

"அப்பா, சாப்பிடக் கூப்பிடுறாங்க." வீட்டில் அவளைக் குறித்து அது பேசும் பேச்சு இவ்வளவுதான். சடை பின்னக்கூட ஓனரம்மாவிடம் போய்விடும். தலையில் இவள் கை படக் கூடாது.

நாளானால் சரியாகிவிடும் என்பான் செல்வகணபதி. சொல்லிவிட்டு போனைப் பார்க்கப் போய்விடுவான்.

சரி, தானாக வரட்டும் என்று இருந்தாள். இருந்தாளே தவிர, மனசு ஆறவில்லை. சாயங்காலங்களில் மாடிக்கு வந்து கொடியோடு பேசினாள். சில நாள் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கும். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள்.

இன்று ஆறு தூளியையும் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுக்கும் சேதமில்லை. அப்பாடா.

கொடி நட்ட மண் பைகளில் சாய்ந்திருந்த தூர்களுக்கு மண் அணைத்துக்கொண்டே போனாள். கடைசிப் பையில் நிமிர்ந்தபோதுதான் கண்ணில் பட்டது.

தண்ணீர்த் தொட்டி ஓரம், இலை மறைவில், ஏழாவது காய்.

இத்தனை நாள் எப்படிக் கண்ணுக்குத் தப்பியது? ஒன்றரைக் கிலோ இருக்கும். அவள் தூளி கட்டாத காய். நேற்றைய காற்றுக்கு விழுந்து சிதறியிருக்க வேண்டும்.

விழவில்லை.

ஒரு தூளியில் இருந்தது.

நீலச் சுங்குடி. வெள்ளைப் புள்ளி.

நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அந்தப் புடவை அவளுக்குத் தெரியும். அன்று வெயிலில் முதலில் விரித்தது அதைத்தான்.

முந்தானைப் பக்கம் வெட்டியிருந்தது. பள்ளிக்கூடக் கத்தரிதான். ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி.

படிக்கட்டுக் கதவருகே குழந்தை நின்றிருந்தது. சீருடை. விரித்த தலை. கையில் ரிப்பன். எவ்வளவு நேரமாக நிற்கிறதோ.

"நேத்து காத்தடிச்சுச்சுல்ல" என்றது, காயைப் பார்த்துக்கொண்டே. "அது மெத்துனு இருக்கும். காய்க்கு உறுத்தாது."

அழுதுவிடக் கூடாதே என்று முடிச்சைப் பார்த்தாள்.

முடிச்சு சரியில்லை. ஒரு பக்கம் நழுவிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் அவிழ்ந்துவிடும்.

திருப்பிக் கட்ட வேண்டும். கட்டுவதென்றால் புடவையைத் தொட வேண்டும்.

தொடாமல் நின்றாள்.

குழந்தை முடிச்சைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. பிறகு கிட்டே வந்து, இரண்டு கையாலும் காயை அடியில் தாங்கித் தூக்கிப் பிடித்தது.

துணி தளர்ந்தது.

"கட்டுங்க" என்றது. "இறுக்கமா."

கட்டினாள். ஒரு முடிச்சு போதும். நாலு போட்டாள்.

கீழேயிருந்து ஓனரம்மாவின் குரல் வந்தது. "ஏ சிந்து! சடை பின்ன வரலையா? வேன் வந்துரும்டி!"

குழந்தை படிக்கட்டுப் பக்கம் திரும்பவில்லை.

கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் போய் உட்கார்ந்தது. அவளுக்கு முதுகைக் காட்டி. ரிப்பனைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டியது.

அவள் கையெல்லாம் மண்.

தன் முந்தானையில் துடைத்தாள். இன்னொரு முறை துடைத்தாள்.